இரட்டைப்புள்ளி வகை

கட்டட வரைபட அலுவலகத்தில் அவளுக்கு ஸ்கேல் என்று பெயர் வைத்திருந்தார்கள். உயரம், ஒல்லி, நிமிர்ந்த நடை. பேச்சிலும் வளைவு நெளிவு கிடையாது. பத்தொன்பது வருஷம் அங்கே மேசைமேல் குனிந்து சுவரும் சன்னலும் படிக்கட்டுமாக வரைந்து தள்ளினாள். கம்ப்யூட்டர் வந்தபிறகு ஆறு பேர் மூன்று பேரானார்கள், மூன்று ஒன்றாயிற்று, அந்த ஒன்று அவள் இல்லை. பெயர் மட்டும் அவளோடு வீட்டுக்கு வந்துவிட்டது. தங்கையின் கணவன்கூட, "ஸ்கேலக்கா வந்திருக்காங்க, நாற்காலியை எடுத்துப் போடு" என்பான்.

எட்டு மாதம் சும்மா இருந்தபின், "கையால் வரையத் தெரிந்தவர் தேவை" என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அவள் போய் நின்ற இடம், வீடுகளுக்குப் பூச்சி மருந்து அடிக்கும் ஒரு கம்பெனி. முன்னறையில் கண்ணாடி மேசை, பிளாஸ்டிக் பூ, ஊதுபத்தி போல ஏதோ ஒரு வாசனை. அந்த வாசனைக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு ஊறின பழைய அலமாரியைத் திறந்தால் வருமே, அது.

முதலாளி மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தார். மேசையில் இருந்த ஒரு கண்ணாடிக் குப்பியைக் கையால் தொடாமல், ஃபைலின் நுனியால் அவள் பக்கம் தள்ளினார். சாராயம் போன்ற ஸ்பிரிட்டில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு கரப்பான்பூச்சி மல்லாந்து மிதந்தது.

"இதை வரையணும் மேடம். இதோட எலி, மூட்டைப்பூச்சி, கரையான், எல்லாம் சேத்துப் பதினாலு படம். போட்டோ போட்டு ஒரு புக் அடிச்சோம். ஜனம் அருவருப்புல பக்கத்தையே திருப்பிடுது. வரைஞ்ச படம்னா உத்துப் பாக்கும். என்ன சொல்றீங்க?"

ஸ்கேலுக்குப் பாம்பு பயமில்லை. பல்லி பயமில்லை. கரப்பான் மட்டும் ஆகாது. குளியலறையில் ஒன்று தெரிந்தால் அன்றைக்குக் குளியலே கிடையாது. அவள் குப்பியைப் பார்த்தாள். கால்களில் வரிசையாக முள். வாயருகே சின்னச் சின்னக் கைகள் மாதிரி நாலைந்து தொங்கின.

"வரையறேன்" என்றாள். எட்டு மாதம் சும்மா இருந்தவள் வேறு என்ன சொல்வாள்?

அன்று சாயங்காலமே கடைத்தெருவில் பேனாக்கடைக்குப் போனாள். கடைக்காரி அகலமான ஆள். உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தபடியே நாலு பக்கமும் கைநீட்டிச் சாமான் எடுப்பாள். பேனா எழுதிப்பார்க்க ஒரு நோட்டு வைத்திருந்தாள். அதைத் திறந்தாலே ஒரு மாதிரி இருந்தது. எத்தனையோ பேரின் விரல் பட்டு ஓரமெல்லாம் கறுத்து, நடுவில் யாரோ சிந்திய தேநீர் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

"பேனா வாங்க வர்ற அத்தனை பேரும் அவங்க பேரைத்தான் எழுதிப் பாக்கறாங்க. தினம் தன் பேரையா எழுதப் போறாங்க?" என்றாள் கடைக்காரி.

ஸ்கேல் பெயர் எழுதவில்லை. ஒவ்வொரு பேனாவிலும் பத்துக் கோடு பக்கத்தில் பக்கத்தில் இழுத்தாள், பிறகு இருபது புள்ளி வைத்தாள். கோட்டில் பேனாவின் நடை தெரியும், புள்ளியில் அதன் யோக்கியதை தெரியும் என்பது அவள் கணக்கு. சிலது புள்ளி வைத்ததும் ஊறிப் பரவியது. சிலது முதல் ஐந்து புள்ளிக்கு நன்றாக இருந்து ஆறாவதில் வறண்டது. கடைசியில் மூன்று கறுப்புப் பேனா எடுத்தாள்: மீசைக்கு மயிரிழை போல ஒன்று, உடம்புக் கோட்டுக்கு நடுத்தரம் ஒன்று, ஓரத்து நிழலுக்குத் தடியாக ஒன்று. ஒரு 2H பென்சில், நல்ல ரப்பர், வழவழவென்ற கனத்த தாள். சொரசொரத் தாளில் பேனா முனை தடுக்கும். கரப்பான் மீசை தடுக்கி விழுந்த மாதிரி இருக்கக்கூடாது.

இரண்டு நாள் வரைந்தாள். கம்பெனியின் பின்னறையில் அவளுக்கு ஒரு தகர மேசை, ஒரு ட்யூப்லைட், ஒரு பூதக்கண்ணாடி கொடுத்திருந்தார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு, இடுக்கியால் பூச்சியை வெளியே எடுத்து ஒரு தட்டில் வைத்து, நிழலைக் கோடாகப் போடாமல் புள்ளி புள்ளியாகவே வைத்து வந்தாள். மூன்றாம் நாள் பூச்சியைத் திருப்பி வைக்கும்போது இடுக்கியிலிருந்து ஒரு சொட்டு ஸ்பிரிட் படத்தில் விழுந்தது. அவ்வளவுதான். கண்ணெதிரே பின்னங்கால் கரைந்து, கறுப்புச் சாறாக வயிற்றுக்குள் ஓடியது. நிஜப் பூச்சியை யாரோ மிதித்து நசுக்கியது போலவே இருந்தது. அவள் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வந்தாள்.

மறுநாள் ஒரு சின்னக் குப்பியில் ஸ்பிரிட்டை ஊற்றிக்கொண்டு பேனாக்கடைக்கே திரும்பினாள். நோட்டில் ஒவ்வொரு பேனாவாலும் ஒரு புள்ளி. அதன்மேல் ஒரு சொட்டு.

"என்னக்கா இது வாடை?" கடைக்காரி மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"கரப்பான் ஊறின ஸ்பிரிட்."

"அய்யோ! என் நோட்டுலயா?"

"புது நோட்டு நான் வாங்கித் தர்றேன். எது கரையாதுன்னு தெரிஞ்சாகணும்."

பந்துமுனைப் பேனாக்கள் எல்லாம் நீலமும் ஊதாவுமாகக் கரைந்து ஓடின. தண்ணீரில் நனையாது என்று மூடியிலேயே அச்சடித்திருந்த இரண்டும் ஓடின. ஒரே ஒரு வகை மட்டும் அசையாமல் நின்றது; அதிலேயே மூன்று தடிமனும் எடுத்தாள். பென்சிலோ எதற்கும் அசையவில்லை. "அதான் மியூசியத்துல குப்பிக்குள்ள போடற சீட்டை எல்லாம் பென்சில்லதான் எழுதுவாங்க போல" என்று ஸ்கேல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இறக்கையின் பளபளப்பைக் காட்ட வெள்ளைப் பேனா கேட்டபோது, "அந்த விலைகூடின வெள்ளை எல்லாம் நாலாம் நாள் அடைச்சுக்கும். பேசாம தப்பு அழிக்கற ஒயிட்னர் பேனா எடுத்துட்டுப் போங்க. எதுமேல வெச்சாலும் ஒட்டும்" என்றாள் கடைக்காரி. மிச்சச் சில்லறையை அவள் கையில் தராமல் மேசைமேல் வைத்தாள். அதற்கப்புறம் எப்போது போனாலும் அப்படித்தான்.

கம்பெனியில் அவளிடம் மனுஷத்தனமாகப் பேசின ஒரே ஆள் மருந்துக்காரர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். முதுகில் மருந்து டப்பாவைக் கட்டிக்கொண்டு வீடுவீடாகப் போய் அடிக்கிறவர். பேசினால் பாதியில் இருமல் வந்துவிடும். செத்த பூச்சியைப் பார்த்து வரைந்த படத்தை முதலாளி, "இதுல உயிர் இல்லையே மேடம். ஓடற மாதிரி வேணும், பாத்தா காலைத் தூக்கிக்கணும்" என்று திருப்பிக் கொடுத்தபோது, உயிரோடு இருக்கும் பூச்சிகளை ஒரு கண்ணாடி ஜாடியில் கொண்டுவந்து கொடுத்தது அவர்தான்.

"இதெல்லாம் எங்கண்ணே புடிச்சீங்க?"

"புடிக்கறது எங்கம்மா, வளக்கறோம். பின்னாடி ஷெட்ல ஒரு டிரம் இருக்கு. புது மருந்து வந்தா அடிச்சுப் பாக்கணும்ல?"

அது நியாயமாகத்தான் பட்டது.

"ஓடிட்டே இருக்கும், வரைய முடியாது. ஃப்ரிட்ஜ்ல பத்து நிமிஷம் வைங்க. சாகாது, மரத்துப் போயிடும். எடுத்து வெச்சா அஞ்சு நிமிஷம் அசையாம நிக்கும்."

ஃப்ரிட்ஜ் என்பது அந்த அறை மூலையில் இருந்ததுதான். அதன் மேல்தட்டில் எல்லோருடைய சாப்பாட்டு டப்பாக்களும் இருந்தன. ஸ்கேல் ஜாடியை உள்ளே வைத்துக் கதவை மூடினாள். அன்றிலிருந்து அவள் மத்தியானம் அங்கே சாப்பிடுவதை விட்டாள். வீட்டில் கணவன், "முதல்ல குளிச்சிட்டு வா, அப்புறம் பேசு" என்பான். அவள் இரண்டுமுறை குளித்தாள்.

மரத்துப்போன பூச்சிகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. நேற்றுப் பக்கவாட்டில் பாதி வரைந்தது எது, இன்று எடுத்தது எது என்று குழம்பியது. அதனால் மூன்றைப் பிரித்து, ஒயிட்னர் பேனாவால் முதுகில் அடையாளம் வைத்தாள்: ஒன்றுக்கு ஒரு புள்ளி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு மூன்று. கடைக்காரி சொன்னது சரி. வழவழ இறக்கையிலும் நன்றாகவே ஒட்டியது. இரண்டு புள்ளிக்காரனுக்கு இடது பின்னங்காலில் பாதம் இல்லை. அதைத்தான் அவள் நாலு நாள் வரைந்தாள்.

படம் முடிந்ததும் முதலாளி அதை ஒரு வாடிக்கையாளர் அம்மாளிடம் காட்டினார். அந்த அம்மாள் படத்தைப் பார்த்தபடியே காலை நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார். முதலாளி ஸ்கேலைப் பார்த்துக் கண்சிமிட்டினார். அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை வந்தது. பெருமை வந்ததும் உடனே கை கழுவவேண்டும் போலவும் இருந்தது. ஏன் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

அதுவரை முடிந்த படங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். இரண்டு வாரத்தில் புத்தகம் அச்சாகி வந்தது. எலியும் கரையானும் பாக்கியிருக்கவே, இரண்டாம் பதிப்புக்கென்று அவள் தொடர்ந்து வேலைக்குப் போனாள்.

ஒரு சனிக்கிழமை காலை தங்கை போன் செய்தாள்.

"அக்கா, வீட்ல கரப்பான்க்கா! இத்தனை வருஷத்துல ஒண்ணு பாத்ததில்ல. நேத்துதான் ஒருத்தர் வந்து இலவசமா வீட்டைச் சோதிச்சுத் தர்றோம்னாரு. கூட ஒரு வயசான ஆளு, டார்ச்சோட. அதெல்லாம் எங்க வீட்ல ஒண்ணும் இல்லைங்கன்னேன். அவர் சமையலறையில தொட்டிக்கு அடியில பாத்துட்டு, இருக்கும்மான்னாரு. ராத்திரி பாத்தா நிஜமாவே இருக்குக்கா!"

"எந்தக் கம்பெனின்னு சொன்னாரா?"

"உன் கம்பெனிதான்! உன் படம் போட்ட புக்கைத்தான் காமிச்சாரு. எங்கக்கா வரைஞ்சதுன்னு சொல்லலாம்னு நெனச்சேன், அதுக்குள்ள அவரு பேசிட்டே போயிட்டாரு. காலைல மறுபடி வந்தாரு. புடிச்சு வெச்சிருந்ததைக் காமிச்சேன். பாத்துட்டு ஒரு நிமிஷம் முழிச்சாரு. அப்புறம் சொன்னாரு, இது சாதாரணம் இல்லம்மா, முதுகுல ரெண்டு வெள்ளைப் புள்ளி இருக்கு பாருங்க, இது இரட்டைப்புள்ளி வகை, வெளிநாட்டுலேருந்து வர்றது, வீடு முழுக்க மூணு தடவை அடிக்கணும்னு."

ஸ்கேல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

தங்கையின் வீடு மூன்றாம் மாடி. சின்னச் சமையலறை; தங்கை சுத்தக்காரி, அடுப்புத் திட்டில் முகம் பார்க்கலாம். திட்டின் நடுவே ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதன்மேல் கனமாக ஒரு கல். ஸ்கேல் குனிந்து பார்த்தாள். இரண்டு புள்ளி. அவள் வைத்த புள்ளி. முதல் புள்ளி வட்டம், இரண்டாவது கொஞ்சம் இழுபட்டு வால் நீட்டியிருந்தது. அன்று மருந்துக்காரர் இருமியதில் அவள் கை அதிர்ந்தது. இடது பின்னங்காலைப் பார்த்தாள். பாதம் இல்லை.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா, தினம் இதைப் பாக்கறவ, உனக்கே இப்படியா?"

"இது நான் வரைஞ்சது" என்றாள் ஸ்கேல்.

"ஆமா, அதே வகைதான்..."

"வகை இல்லடி. இதேதான். இதே பூச்சி. என் ஜாடியில இருந்தது. உன் வீட்ல கொண்டுவந்து விட்டிருக்காங்க."

தங்கைக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் மூஞ்சி சிவந்துபோயிற்று. "இப்பவே போலாம் வா. அந்தாளைச் சட்டையைப் புடிச்சுக் கேக்கறேன்."

"ஒண்ணை வெச்சுக் கேட்டா, தப்பிச்சு எங்க பையில ஏறி வந்திருக்கும்பான். போதாது. நீ கையெழுத்துப் போடாத. வீட்டுக்காரர் ஊர்ல இல்ல, பத்து நாள் ஆகும்னு சொல்லு. நான் பாத்துக்கறேன்."

"பத்து நாள் இந்த வீட்ல நான் எப்படிக்கா இருப்பேன்?"

"இரு" என்றாள் ஸ்கேல்.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போனபோது அந்த ஊதுபத்தி வாசனையே அவளுக்குக் குமட்டியது. முதலாளி எப்போதும்போல், "வாங்க மேடம்" என்றார். அவள் மருந்துக்காரரிடம் போய், "அண்ணே, முதலாளிக்கு இன்னும் உயிரோட்டமா வேணுமாம். கூட்டமா வரையணும். டிரம்ல இருக்கறதை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாத் தாங்க" என்றாள். அவர் அவளை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் கேட்காமல் போய்க் கொண்டுவந்தார்.

நாற்பத்திமூன்று. பத்துப் பத்தாக ஃப்ரிட்ஜில் வைத்தாள். கையுறை போட்டால் பிடி வழுக்கியது, பேனா கோணிற்று. கழற்றி எறிந்தாள். வெறும் விரலால், கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலுமாக, பக்கவாட்டில் பிடித்தாள். அது இத்தனை மெத்தென்று இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. ஓடு மாதிரி இருக்கும் என்று பார்த்தால், அழுத்தினால் உள்ளே போயிற்று. வலது இறக்கையில் புள்ளி, இடது இறக்கையில் சின்னக் கோடு. ஒரு கோட்டுக்குப் பத்து, ஒரு புள்ளிக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டில் எண், தேதி, விரல்நுனி அளவு ஒரு படம். எந்த மீசை உடைந்தது, எந்தக் காலில் முள் குறைவு என்பதெல்லாம் குறித்தாள். நோட்டுக்குப் பென்சில்தான். ஸ்பிரிட் சொட்டினாலும் எண்ணெய் பட்டாலும் அது நிற்கும் என்று அவளுக்குத் தெரியும்.

இருபத்தாறாவது பூச்சி பேனா பட்டதும் விழித்துக்கொண்டு மணிக்கட்டில் ஏறி, சட்டைக் கைக்குள் போய்விட்டது. பக்கத்து அறையில், வீடுவீடாக இலவசச் சோதனைக்குப் போகும் சோதனைக்காரர் போனில் யாரிடமோ தேனொழுகப் பேசிக்கொண்டிருந்தார். கத்தினால் வந்துவிடுவார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, முழங்கைக்கு மேல் அது நிற்கும் இடத்தைத் துணியோடு சேர்த்துப் பிடித்து, மெல்ல மெல்லக் கீழே இறக்கி வெளியே எடுத்தாள். கண்ணில் நீர் கொட்டியது. எடுத்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இரண்டு கோடு ஆறு புள்ளி வைத்தாள்.

பிறகு ஜாடிகளை அப்படியே திருப்பிக் கொடுத்தாள். முதலாளி பார்ப்பார் என்ற பயமில்லை. அவர் ஷெட் பக்கமே போகமாட்டார். வாசலைக் கடக்கும்போதே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வார்.

"இலவசச் சோதனை" போகும் முகவரிகள் முன்னறைப் பலகையில் இருந்தன. ஸ்கேல் அவற்றைத் தினமும் எழுதிக்கொண்டு, சோதனை முடிந்த மறுநாள் சாயங்காலம் அந்த வீடுகளின் கதவைத் தட்டினாள். சிலர் சந்தேகமாகப் பார்த்துக் கதவை மூடினார்கள். சிலர், முதுகில் வெள்ளைப் புள்ளியோடு கரப்பான் வந்ததா என்று அவள் கேட்டதும் முகம் வெளிறி, முறத்தில் அள்ளி வைத்திருந்ததைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஒரு வீட்டில் ஏழாம் எண்ணும் பதினெட்டாம் எண்ணும். இன்னொரு வீட்டில் முப்பத்தொன்று. கைக்குழந்தை இருந்த வீட்டில் தொட்டில் கயிற்றில் ஏறிக்கொண்டிருந்தபோது பிடித்தார்களாம், அது பன்னிரண்டு. நோட்டைத் திறந்து அந்தப் பூச்சியின் படத்தைக் காட்டியபோது அந்தத் தாய் படத்தைப் பார்த்தாள், பூச்சியைப் பார்த்தாள், பிறகு ஸ்கேலைப் பார்த்தாள்.

"நீங்களும் அவங்க ஆளா?"

"ஆமா" என்றாள் ஸ்கேல். வேறு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

தங்கை வீட்டில் மொத்தம் ஐந்து கிடைத்தன. சோதனைக்காரர் கையெழுத்துக்கு இரண்டாம் தடவை வந்துபோன பிறகு வந்தவை இரண்டு. அவற்றில் எண் இருந்தது. பத்து நாளில் ஆறு வீட்டிலிருந்து பதினாலு பூச்சி தீப்பெட்டிகளில் சேர்ந்தன. எல்லாவற்றையும் ஒரு செருப்புப் பெட்டியில் அடுக்கி, நோட்டையும் எடுத்துக்கொண்டு, அக்காவும் தங்கையும் நகரச் சுகாதார அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்த பெண் அதிகாரி முதலில் பெட்டியைத் தள்ளி வைக்கச் சொன்னாள். நோட்டை நாலு பக்கம் புரட்டியபின் பெட்டியைத் தானே பக்கத்தில் இழுத்தாள். ஒவ்வொரு தீப்பெட்டியாகத் திறந்து படத்தோடு ஒப்பிட்டாள். ஒன்பதாவதில் நிறுத்தி, "போதும், எனக்கு மத்தியானம் சாப்பாடு இறங்காது" என்றாள். ஆனாலும் பதினாலையும் பார்த்து முடித்தாள்.

அதிகாரிகள் வந்த அன்று ஸ்கேல் பின்னறையில்தான் இருந்தாள். ஷெட்டில் டிரம்மைத் திறந்தார்கள். உள்ளே இருந்து வந்த சத்தம், உலர்ந்த இலைக் குவியலை யாரோ கிளறுவது போல் இருந்தது. முதலாளி மருந்துச் சோதனை என்றார், தவறுதலாகத் தப்பித்திருக்கும் என்றார், வேலைக்காரர்கள் செய்ததற்கு நான் என்ன செய்வேன் என்றார். அதிகாரிகள் எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு, கதவுக்குச் சீல் வைக்கும்போது முதலாளி ஸ்கேல் பக்கத்தில் வந்து நின்றார். கோபமாகக்கூட இல்லை.

"நான் பூச்சியைத்தான் மேடம் விட்டேன். ஒரு வீட்ல அஞ்சாறு. அதைப் பாத்து யாரும் கையெழுத்துப் போடல. உங்க படத்தைப் பாத்துத்தான் போட்டாங்க. பயத்தை வீட்டுக்குள்ள விட்டது நீங்க. கீழ உங்க கையெழுத்து இருக்கு, பாத்துக்குங்க."

அவர் வாயிலிருந்து ஏலக்காய் மணந்தது. அந்த மணத்தோடு சேர்த்து அந்த வார்த்தைகள் அவளுக்குள் போய்ப் படிந்துவிட்டன. பதிலாக என்னென்னவோ சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்து, பாத்திரம் தேய்க்கும்போது ஒவ்வொன்றாகத் தோன்றின. அந்த நேரத்தில் அவளால் முடிந்தது ஒன்றுதான்: அலமாரியில் அடுக்கியிருந்த புத்தகக் கட்டுகளை ஒரு அதிகாரியிடம் காட்டி, "இதையும் எடுத்துட்டுப் போங்க" என்றாள். எடுத்துப் போனார்கள். ஏற்கெனவே வீடுகளுக்குப் போயிருந்த ஆயிரத்துச் சொச்சத்தை யார் எடுக்கமுடியும்?

மேசையைக் காலிசெய்தபோது ஒயிட்னர் பேனாவைக் குப்பையில் போட்டாள். கறுப்புப் பேனா மூன்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தாள். மறுநாள் மறுபடி துடைத்தாள். ஒரு தாளை எடுத்து, வேறு எதையாவது வரையலாம் என்று சன்னலுக்கு வெளியே தெரிந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக் கோடு போட ஆரம்பித்தாள். பேனாவைப் பிடித்த விரல்களில் அந்த மெத்தென்ற உடம்பு இன்னும் இருந்தது. மூடி வைத்துவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை வேளை மருந்துக்காரர் வந்தார். வாசற்படிக்குக் கீழேயே நின்றார். முதுகில் டப்பா இல்லாமல் ஆள் பாதியாகத் தெரிந்தார்.

"வேலை போச்சும்மா. அதுக்காக வரல. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

ஸ்கேல் கதவைப் பிடித்தபடி நின்றாள். உள்ளே வாங்க என்று வாயில் வரவில்லை. ஆறு வாரம் அவளிடம் பிரியமாகப் பேசிய மனுஷன். பத்து நிமிஷம் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லிக்கொடுத்தவர். அவர் பையில்தான் பூச்சிக் குப்பி இருந்திருக்கிறது; சோதனைக்காரர் முன்னறையில் வாய் வளர்க்கும்போது, அவர்தான் குனிந்து, டார்ச் அடித்து, மூடியைத் திறந்திருக்கிறார். கைக்குழந்தை வீட்டிலும்.

"நீங்க எல்லாத்துக்கும் புள்ளி வெச்சப்பவே எனக்குத் தெரியும்மா. அடையாளம் வெக்கறீங்கன்னு. தெரிஞ்சுதான் அதையே பாத்துப் பாத்து எடுத்துட்டுப் போனேன். மாட்டிக்கட்டும்னு."

அது உண்மையாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அவர் முகத்தை எத்தனை உற்றுப் பார்த்தாலும் அவளுக்குத் தெரியவில்லை.

"முதல்ல என் தங்கச்சி வீட்டுக்குப் போனீங்களே, அப்ப நான் எல்லாத்துக்கும் புள்ளி வெக்கலையே அண்ணே. அதுக்கு முன்னாடி எத்தனை வீடு?"

அவர் இருமினார். இருமல் நிற்க நேரமாயிற்று. "கணக்கு வெச்சுக்கல" என்றார்.

முதலாளிமேல் வந்ததைவிட அதிகமான அருவருப்பு அவளுக்கு இவர்மேல் வந்தது. இவரைக் கொஞ்சம் பிடித்திருந்ததே காரணம். "சரி, போயிட்டு வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தப்போனவள் நிறுத்தினாள்.

"எங்க தங்கச்சி வீட்ல மொத்தம் எத்தனை விட்டீங்க? அதாவது தெரியுமா?"

"அது தெரியும்மா. முதல் தடவை நாலு, அடுத்து ரெண்டு. ஆறு."

அவர் தெருமுனை திரும்பும்வரை அவள் வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து தங்கைக்குப் போன் போட்டாள். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று மணி அடிக்கும் நேரம் முழுக்க யோசித்தாள்.

"என்னக்கா இந்நேரத்துல? சாப்டுட்டு இருக்கேன்."

"சாப்டு முடி. அப்புறம் சொல்றேன்."

"இப்ப சொல்லு. நீ அப்புறம்னு சொன்னாலே எனக்குச் சோறு இறங்காது."

சொன்னாள். விட்டது ஆறு, கிடைத்தது ஐந்து. மறுமுனையில் தட்டு தரையில் விழுந்து சுழலும் சத்தம் கேட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் இருந்த அத்தனையையும் மாடி நடைபாதையில் இறக்கினார்கள். தங்கையின் கணவன் அடுப்பை நகர்த்தினான், தொட்டியின் குழாயைக் கழற்றினான். அக்காவும் தங்கையும் டார்ச் வைத்துக்கொண்டு சுவர் விரிசல்களில் எல்லாம் ஊசி விட்டுப் பார்த்தார்கள். ஆறாவது கிடைக்கவில்லை. தங்கை குடும்பத்தோடு அக்கா வீட்டில் வந்து படுத்தாள். இரண்டு நாள் என்று வந்தவள் இருபது நாள் இருந்தாள். அடுத்த மாதம் வேறு தெருவில் வீடு பார்த்தார்கள். வண்டியில் ஏற்றுமுன் ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, கவிழ்த்து, தட்டி, உதறிப் பார்த்து ஏற்றியது ஸ்கேல்தான். வேறு யாரையும் தொடவிடவில்லை.